கேளுங்கள், பேசுவோம்: பிடி அரிசி டப்பா எங்கே?

நாங்கள் விவசாயக் குடும்பம். கன்வென்ஷன் கூட்டத்தில், மாதாமாதம் பணம் கொடுத்து ஒரு மிஷனெரியைத் தாங்குகிறோம் என்று பேர் கொடுத்தோம், மூன்று மாதத்துக்கு மேல் முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா?
*மன்னார்குடி வாசகி*

தப்பு உங்களிடம் மட்டும் இல்லை அம்மா. மாதச் சம்பளக்காரருக்குப் போட்ட திட்டத்தைக் குறுவை, சம்பா என்று பிழைக்கிற வீட்டின் தலையில் கட்டியதும் தப்புதான். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை, இல்லையென்றால் சம்பாவை நம்பி உட்கார வேண்டியதுதான். ஆகஸ்டில் உங்கள் கையில் காசு எங்கே இருக்கும்? இப்படிச் செய்து பாருங்கள். தை, மாசியில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் கணக்கில் ஏறியதும் இத்தனை மூட்டையின் பணம் மிஷனெரிக்கு என்று மொத்தமாகச் சபைப் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் அனுப்புவது அவர் வேலை. விளைச்சல் கெட்ட வருஷம் மூட்டை குறையும், குறையட்டும், ஆனால் குறையப்போகிறது என்று அந்த மிஷனெரிக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருஷம் எங்கள் சபைக்கு நானே பொருளாளர். ஒரு கூட்டத்தில் பாட்டும் கண்ணீருமாக நாற்பது பேர் கை தூக்கினார்கள், அதை நம்பி வடக்கே ஒரு மிஷனெரிக் குடும்பத்தைத் தாங்குவதாக எழுதிக் கொடுத்தோம், நாலாம் மாதம் பதினொரு பேர்தான் கொடுத்தார்கள். அந்த மனிதர் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு ஃபீஸ் கட்ட முடியாமல் தவித்தது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம் பிடி அரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள் நம் பாட்டிமார். சேர்ந்ததைச் சபைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். இப்போது பல வீடுகளில் அந்த டப்பாவே இல்லை. (ரேஷன் அரிசியைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்களோ அதைப் போடுங்கள்.) தொகை சின்னதுதான். ஆனால் பிள்ளை தினமும் பார்க்கிறது, "யாருக்கும்மா இது?" என்று கேட்கிறது, நீங்கள் அந்த மிஷனெரியின் பேரைச் சொல்கிறீர்கள்.

பக்கத்துக் கிராமத்தில் புதுச் சபை தொடங்க நினைக்கிறோம். முதலில் ஆலயம் கட்டிவிடலாம் என்கிறார்கள் மூப்பர்கள். அங்கே விசுவாசிகள் இரண்டு குடும்பம்தான்.
*மயிலாடுதுறை வாசகர்*

கட்ட வேண்டாம். தரங்கம்பாடி உங்களுக்குக் கிட்டத்தில்தானே இருக்கிறது, மூப்பர்களை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலை 9இல் வந்திறங்கி முதலில் செய்தது, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்து பழகியது. 1707இல் ஒரு சின்னக் கோயில். இன்று நிற்கிற புதிய எருசலேம் ஆலயம் 1718இல்தான் வந்தது. அதற்குள் பள்ளிக்கூடம் நடந்தது, புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது.

ஆனால் அவரை அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக். அன்றிலிருந்து வெளியூர்க் காசை வாங்கிப் பழகிய கை நம் டெல்டா சபைகளுடையது, அந்தப் பழக்கம் இன்னும் முழுசாக விடவில்லை என்பது என் எண்ணம், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருநெல்வேலிக்காரர்கள் 1903லேயே சொந்தக் காசில் மிஷனெரி சங்கம் வைத்து, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள்.

சரி, உங்கள் கட்டடப் பணத்துக்கு வருகிறேன். ஓர் ஊழியருக்கு இரண்டு மூன்று வருஷச் சம்பளம், வீட்டு வாடகை, வண்டிக்குப் பெட்ரோல் என்று அதை ஒதுக்குங்கள். ஞாயிறு மாலைகளில் உங்கள் சபையிலிருந்து மாற்றி மாற்றி ஒரு குடும்பம் போய் அந்த இரண்டு வீட்டுத் திண்ணையில் உட்காரட்டும், ஊரில் ஒரு சாவு என்றால், கல்யாணம் என்றால் போய் நிற்கட்டும். வேலை வாங்கித் தருகிறோம், ஸ்கூலில் இடம் வாங்கித் தருகிறோம் என்று ஆசை காட்டி யாரையும் கூப்பிடாதீர்கள். அப்படி வந்தவர் அதைவிடப் பெரிய ஆசை காட்டுகிற இடத்துக்குப் போய்விடுவார்.

நாங்கள் தாங்கும் மிஷனெரியைப் பார்க்க எங்கள் வாலிபர் குழு லீவில் ஒடிசா போகிறது. என்ன கொண்டுபோகலாம்?
*திருவாரூர் வாசகர்*

அவர் வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் தம்பி, மிஷனெரியிடம் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார். இட்லிப் பொடி, வடகம், நல்லெண்ணெய், பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம். பத்துப் பேராகப் போகாதீர்கள், ஒரு வாரம் நீங்கள் சாப்பிட்டால் அவர் வீட்டு மாத மளிகை தீர்ந்துவிடும்; நாலு பேர் போங்கள், சாப்பாட்டுச் செலவையும் நீங்களே பாருங்கள். அந்த ஊர் ஜனங்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.