பெஞ்சுக்கு ஒரு அனுபவசாலி: கேட்டவுடன் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: 2017 ஜனவரியில் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் பத்திரிகையாளர்கள் முன்னாலேயே, தன் கிளீவ்லாண்ட் அணிக்கு இன்னொரு பிளேமேக்கர் (பந்தைக் கையாண்டு ஆட்டத்தை நடத்துபவர்) வேண்டும் என்று கோபமாகக் கேட்டார். கிளீவ்லாண்ட் அப்போது அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நடப்பு சாம்பியன். முதலாளியும் கஞ்சப்பிசினாறி இல்லை. பிறகு ஏன் ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது? வந்தவர்கள் ஏன் பெரிதாக உதவவில்லை? இப்போதும் பிப்ரவரி வந்தால் இதே மாதிரிச் செய்திகள்தான். யார் வந்தால் பயன், யார் வெறும் பெயர் என்று எப்படிக் கணிப்பது?

பதில்: லெப்ரான் கேட்டது ஒரு நட்சத்திரத்தை அல்ல, பத்து நிமிடத்தை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். அந்த சீசனில் லெப்ரான் சராசரியாக 37.8 நிமிடம் ஆடினார், 32 வயதில். அவர் உட்காரும் மீதிப் பத்து நிமிடம் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது கால்பகுதிகளின் தொடக்கத்தில் வரும். அப்போது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்த கைரி அர்விங்கை விட்டால் ஆள் இல்லை. முந்தைய வருடம் அந்த வேலையைப் பார்த்த மேத்யூ டெல்லவெடோவா 2016 கோடையில் மில்வாக்கிக்குப் போய்விட்டார். மோ வில்லியம்ஸ் ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டார். மிஞ்சியவர் கே ஃபெல்டர் என்ற புதுமுகம். டிசம்பரில் ஜே.ஆர். ஸ்மித்துக்கு வலது கட்டைவிரல் முறிந்தது. இப்படிப்பட்ட பெஞ்ச் இருந்தால் 8 புள்ளி முன்னிலை நான்கே நிமிடத்தில் 2 ஆகிவிடும், நட்சத்திரத்தைச் சீக்கிரமே திரும்ப இறக்க வேண்டியிருக்கும். ஜனவரியில் அப்படி ஓடிய கால்கள் ஜூனில் கணக்குக் கேட்கும். ஜனவரி 23 அன்று, அந்தோணி டேவிஸ் ஆடாத நியூ ஆர்லியன்ஸிடம் 124-122 என்று தோற்றபோதுதான் லெப்ரான் வெடித்தார்.

சரி, மறுநாளே ஆளைப் பிடிக்க என்ன தடை? 2016-17 சீசனில் ஒரு அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 9.41 கோடி டாலர், அதற்கும் மேலே போனால் லீகுக்கு அபராதம் போலக் கட்டும் ஆடம்பர வரிக் கோடு 11.33 கோடி. கிளீவ்லாண்ட் இரண்டையும் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. உச்சவரம்பைத் தாண்டிய அணி வெளியாளைச் சொந்த விருப்பத்துக்குச் சம்பளம் கொடுத்து எடுக்க முடியாது. ஒன்று, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரச் சம்மதிப்பவர் வேண்டும். இல்லையென்றால் டிரேடில், அதாவது வேறு அணியோடு வீரர்களை மாற்றிக்கொள்வதில், சம்பளத்துக்குச் சம்பளம் ஈடுகட்ட வேண்டும். வரிக் கோட்டைத் தாண்டிய தொகை கூடக்கூட வரி விகிதமும் ஏறும். அன்றைய விகிதப்படி 1 கோடிக்கு மேல் 1.5 கோடிக்குள் தாண்டியிருந்தால், அந்தப் படியில் புதிதாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 2.50 டாலர் வரி. அதாவது 10 லட்சம் டாலர் சம்பளக்காரர் அணிக்கு உண்மையில் 35 லட்சம் செலவு வைப்பார். அந்த சீசனுக்கு கிளீவ்லாண்ட் கட்டிய வரி மட்டும் சுமார் 2.5 கோடி டாலர்.

இந்தக் கட்டுக்குள் அவர்கள் செய்த ஒரு வேலை கெட்டிக்காரத்தனமானது. லெப்ரான் வெடிப்பதற்கு முன்பே, ஜனவரி 7 அன்று, அட்லாண்டாவிலிருந்து 35 வயது கைல் கோர்வரைக் கொண்டுவந்தார்கள். அவர் சம்பளம் சுமார் 52 லட்சம். பதிலுக்குப் போனவர்கள் சுமார் 48 லட்சம் வாங்கிய மைக் டன்லீவியும், ஓய்வை அறிவித்த மோ வில்லியம்ஸும். மோ ஆடவே வரவில்லை என்றாலும் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருந்தது இதற்குத்தான். ஆடாதவரின் சம்பளமும் டிரேடில் செல்லும். இருவர் போய் ஒருவர் வந்ததால் 15 பேர் பட்டியலில் ஒரு இடமும் காலியானது.

கூடவே 2019ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் (டிராஃப்ட் என்ற வருடாந்தரத் தேர்வில் புதுமுகத்தை எடுக்கும் உரிமை) கொடுக்க வேண்டியிருந்தது. இங்கேதான் ஸ்டெப்பியன் விதி குறுக்கே வந்தது: வரப்போகும் டிராஃப்டுகளில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் எந்த அணியும் நிற்கக் கூடாது. 2018 தேர்வு ஏற்கெனவே போர்ட்லாண்டிடம் இருந்தது. எனவே 2017 தேர்வைப் போர்ட்லாண்டிடம் கொடுத்து 2018ஐத் திரும்ப வாங்கினார்கள், அதன் பிறகுதான் 2019ஐ அட்லாண்டாவுக்கு அனுப்ப முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் முதல் சுற்றுத் தேர்வுகளைக் கண்டபடி அள்ளிவிட்ட டெட் ஸ்டெப்பியனால் வந்த விதி இது. அவர் எந்த அணியின் முதலாளி என்றால், இதே கிளீவ்லாண்ட்தான்.

இதோடு கையில் கொடுக்க ஏதும் மிஞ்சவில்லை. இனி பைஅவுட்டுக்குக் காத்திருப்பதுதான் வழி. தோற்றுக்கொண்டிருக்கும் அணி, தன் மூத்த வீரரிடம் மீதிச் சம்பளத்தைப் பேசித் தீர்த்து விடுவிக்கும். விடுவிக்கப்பட்டவர் 48 மணி நேரம் வேவர் என்ற காத்திருப்புப் பட்டியலில் இருப்பார். அதற்குள் வேறு அணி உரிமை கோரினால் பழைய ஒப்பந்தத்தை அப்படியே சுமக்க வேண்டும். பெரிய சம்பளக்காரரை யாரும் அப்படி எடுப்பதில்லை என்பதால் அவர் கெடு கடந்து வெளியே வருவார், பிடித்த அணியோடு குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்திடுவார். புதிய அணிக்காக பிளேஆஃபில் ஆட வேண்டுமானால் மார்ச் 1க்குள் பழைய அணி விடுவித்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசி வாரத்தில் இந்தச் செய்திகள் கொத்தாக வருவது அதனால்தான்.

2017இல் டிரேட் கெடு பிப்ரவரி 23. அன்றே டல்லஸ் டெரன் வில்லியம்ஸை விடுவித்தது, நான்கு நாளில் அவர் கிளீவ்லாண்டில். ஆண்ட்ரூ போகட் டல்லஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு டிரேட் ஆகி, அங்கே விடுபட்டு, மார்ச் 2 அன்று கையெழுத்திட்டார். இவர்களுக்கு இடம் வேண்டுமே. காயம்பட்டிருந்த கிறிஸ் ஆண்டர்சனை சார்லட்டுக்கு அனுப்பினார்கள், ஜோர்டன் மெக்ரேயை விடுவித்தார்கள். ஆக லெப்ரான் கேட்ட ஆள் வர ஐந்து வாரம் ஆனது யாருடைய சோம்பலும் இல்லை, நாட்காட்டி அப்படி.

போகட் மார்ச் 6 அன்று மயாமிக்கு எதிராக இறங்கினார். 58 விநாடியில் இடது காலில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிந்தது. அது கெட்ட நேரம், அதில் பாடம் எதுவும் இல்லை. பாடம் டெரனிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் லீகின் தலைசிறந்த பாயின்ட் கார்டுகளில் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் வீரர்கள்) ஒருவர், காகிதத்தில் கேட்டதற்குச் சரியான விடை. ஆனால் பாயின்ட் கார்டின் வேலை, தன்னைக் காப்பவரை முதல் இரண்டு எட்டில் தாண்டுவதில் தொடங்குகிறது. அந்த முதல் வேகம்தான் 32, 33 வயதில் முதலில் போகும். தாண்ட முடியாவிட்டால் உதவிக்கு இன்னொரு தடுப்பாளர் வரமாட்டார், அவர் வராவிட்டால் மூலையில் யாரும் தனியாக நிற்கமாட்டார்கள், கடைசியில் கஷ்டமான ஷாட்தான் மிஞ்சும். கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஃபைனலில் டெரனுக்கு அதுதான் நடந்தது, கிளீவ்லாண்ட் 4-1 என்று தோற்றது.

தடுப்பில் இன்னும் மோசம். பிளேஆஃபில் எதிரணி நட்சத்திரம் யார் மெதுவானவர் என்று பார்த்து, அவர் காக்கும் ஆளையே ஸ்கிரீன் போட, அதாவது தடுப்பாளரின் வழியில் குறுக்கே நிற்க, கூப்பிடுவார். தடுப்பாளர்கள் ஆள் மாறினால் மூத்தவர் நட்சத்திரத்தின் எதிரே தனியாக மாட்டிக்கொள்வார். ஒரே தொடரில் இதை இருபது முறை செய்வார்கள், கூச்சமே இல்லாமல்.

கோர்வர் வேறு ரகம். அவர் பந்தைத் தட்ட வேண்டியதில்லை. மூலையிலிருந்து ஓடிவந்து, ட்ரிஸ்டன் தாம்சன் போடும் ஸ்கிரீனை உரசித் திரும்பி, பிடித்த கையோடு எறிந்தால் போதும். எறியாவிட்டாலும் லாபம்தான், அவரை விட்டு விலக எதிரணி பயப்படுவதால் லெப்ரானுக்கு உள்ளே வழி திறக்கும். கிளீவ்லாண்டுக்காக அந்த சீசனில் அவர் த்ரீ பாயின்டில் 48.5 சதவீதம் அடித்தார். அப்படிப்பட்டவரும் ஃபைனலின் மூன்றாவது ஆட்டத்தில், 113-111 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் லெப்ரான் கொடுத்த பந்தை மூலையிலிருந்து தவறவிட்டார். உடனே கெவின் டுரன்ட் மறுபுறம் த்ரீ அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். அதற்காகக் கோர்வரை வாங்கியது தவறாகிவிடாது. அந்த இடத்தில் அந்த ஷாட்டை எறிய அவரைவிட ஏற்ற ஆள் அணியில் இல்லை.

லெப்ரானுக்கே இதன் இரண்டு பக்கமும் தெரியும். 2008இல் பாஸ்டன் சீசன் நடுவில் எடுத்த 38 வயது பி.ஜே. பிரவுன், கிளீவ்லாண்டுடனான பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு நடுத்தூர ஷாட்டைப் போட்டு, 45 புள்ளி அடித்த லெப்ரானை வீட்டுக்கு அனுப்பினார். 2013 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில், 5.2 விநாடி இருக்கும்போது மூலையிலிருந்து அடித்து லெப்ரானின் மயாமியைக் காப்பாற்றியவர் 37 வயது ரே ஆலன். இருவருமே கால் வேகத்தை நம்பியவர்கள் அல்லர்.

இன்று விதிகள் இன்னும் இறுகிவிட்டன. 2025-26 சீசனில் முதல் ஏப்ரன் (வரிக் கோட்டுக்கும் மேலே லீக் போட்டிருக்கும் சம்பள எல்லை) 19.59 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி, விடுவிக்கப்படும் முன் 1.41 கோடிக்கு மேல் சம்பளம் வாங்கிய வீரரைப் பைஅவுட்டில் எடுக்கவே முடியாது. அந்த வரம்பு, மிட்-லெவல் என்று லீக் நிர்ணயிக்கும் நடுத்தரச் சம்பளத் தொகை. இதே விதி 2017இல் இருந்திருந்தால், அன்றைய மிட்-லெவல் சுமார் 56 லட்சம்தான் என்பதால் டெரன், போகட் இருவருமே கிளீவ்லாண்டுக்கு வந்திருக்க முடியாது. ஒரு சலுகை மட்டும் நிற்கிறது: பத்து வருட அனுபவசாலிக்கு முழு சீசன் குறைந்தபட்சம் சுமார் 36 லட்சம். ஆனால் ஒரு வருட ஒப்பந்தமானால், அணியின் கணக்கில் இரண்டு வருட அனுபவக்காரருக்குரிய சுமார் 23 லட்சம்தான் ஏறும், மிச்சத்தை லீக் கொடுக்கும். மூத்தவர்களை விலை காரணமாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சீசன் நடுவில் வந்தால் நாள் கணக்கில் அதுவும் குறையும்.

ஆகவே அடுத்த பிப்ரவரியில் ஒரு பெயர் அடிபட்டால், முதலில் அணி எந்த ஏப்ரனுக்கு மேல் நிற்கிறது, 15இல் இடம் காலியா என்று பாருங்கள். பாதி வதந்தி அங்கேயே உதிர்ந்துவிடும். அடுத்து அவருடைய கடைசி பத்து ஆட்டங்களின் வீடியோவை எடுங்கள். அவர் அடிக்கும் புள்ளியைப் பார்க்காதீர்கள், அது கண்ணை ஏமாற்றும். ஸ்கிரீன் வரும்போது எதிரணி அவரைத் தேடிப் போகிறதா, அவர் பந்து இல்லாமல் நிற்கும்போது அவருடைய தடுப்பாளர் ஒட்டி நிற்கிறாரா, இல்லை கூடைக்கு அருகிலுள்ள பெயின்டுக்குள் போய் உதவிக்கு நிற்கிறாரா என்று பாருங்கள். தேடிப் போகிறார்கள், ஒட்டியும் நிற்பதில்லை என்றால், அவர் எத்தனை முறை ஆல்-ஸ்டார் ஆனவராக இருந்தாலும் மே மாதம் பெஞ்சில் டவலோடுதான் உட்கார்ந்திருப்பார்.