ஒரே பிண்ணாக்கு, இரண்டு ஆய்வகம், இரண்டு எண்

கேள்வி: எட்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பாலில் பூஞ்சை நச்சு பற்றிச் சில ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்குப் பாலும் கடலைப் பிண்ணாக்கும் மாதிரி கேட்டார்கள், கொடுத்தேன். ஒரே மூட்டைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற அந்தப் பூஞ்சை நச்சு கிலோவுக்கு 12 மைக்ரோகிராம் என்று ஓர் ஆய்வகம் சொல்கிறது, இன்னொன்று 140 என்கிறது. எதை நம்புவது? மூட்டையின் அடியில் கொஞ்சம் பூத்திருக்கிறது. வெயிலில் காயவைத்துப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். போடாதீர்கள். காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், அது ஏற்கெனவே விட்ட நச்சு அப்படியே இருக்கும். மாடு தின்றால் அதில் ஒரு பகுதி உருமாறி, அடுத்த ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது.

இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். இந்த நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவுவதில்லை. பூச்சி துளைத்த, ஈரம் பட்ட சில பருப்புகளில் மட்டும் மலைபோல் குவிந்திருக்கும், பக்கத்துப் பருப்பு சுத்தமாக இருக்கும். பிண்ணாக்கு ஆனபிறகு ஓரளவு கலந்துவிடும், ஆனால் கிடங்கில் ஒரு மூலை நனைந்தால் மறுபடி அதே கதைதான். நீங்கள் ஒருவருக்கு மேலிருந்தும் இன்னொருவருக்கு அடியிலிருந்தும் அள்ளிக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அளக்கும் கருவியால் வரும் பிழையைவிட மாதிரி எடுப்பதில் வரும் பிழை பெரிது என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்வது. அதனால்தான் பல ஆய்வகங்கள் சேர்ந்து வேலை செய்யும்போது, ஒரே பொருளை நன்றாக அரைத்துக் கலந்து எல்லோருக்கும் பங்கிட்டு அனுப்பி, யாருடைய எண் விலகுகிறது என்று முதலில் பார்ப்பார்கள்.

இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே பலர் கை சேர்ந்துதான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. கால்நடை மருத்துவர்கள் தீவனத்தைச் சந்தேகித்தார்கள், கடலைப் பிண்ணாக்கு சிக்கியது. பூஞ்சை வல்லுநர்கள் பூஞ்சையைக் கண்டார்கள், வேதியியலார் நச்சைப் பிரித்தார்கள். தனித்தனியாகத் தேடியிருந்தால் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ!

இனி உங்கள் பாலுக்கு வருவோம். 140 தான் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு நாளுக்கு 2 கிலோ பிண்ணாக்கு தின்றால் 280 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு பாலில் வருவது வழக்கம், நிறையக் கறக்கும் மாட்டில் இன்னும் கூடும். பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.28 முதல் 0.56 மைக்ரோகிராம். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் பாலில் 0.5 வரை விடுகிறது, ஐரோப்பிய ஒன்றியம் 0.05-க்கு மேல் விடாது. ஆக, 12 வந்தது என்று நிம்மதியாகப் படுக்க வேண்டாம்.

பூத்த மூட்டையை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் நச்சு அநேகமாக அடங்கிவிடும். அந்த மூட்டையைக் கோழிக்கோ வாத்துக்கோ தள்ளிவிடாதீர்கள், வாத்துக்குஞ்சு இதற்கு மாட்டைவிடச் சீக்கிரம் சாகும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஆழமாகப் புதையுங்கள்.

மாதிரி மறுபடி கொடுங்கள், இந்தத் தடவை முறையாக. இருக்கும் மூட்டைகள் எல்லாவற்றிலும் மேல், நடு, அடி என்று கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, ஒன்றாக இடித்துக் கலந்து மூன்று பங்காக்குங்கள். இரண்டு ஆய்வகத்துக்கு ஒவ்வொன்று, மூன்றாவது உங்களிடம் உறைபெட்டியில். ஆய்வகத்துக்குப் போவதைக் காகிதப் பையில் கட்டுங்கள், நெகிழிப் பையில் வியர்த்து வழியில் இன்னும் பூக்கும். பாலை ஒரு மாட்டிடம் மட்டும் பிடிக்காமல், அன்றைய கறவை முழுவதையும் கலந்து எடுங்கள். எந்த மூட்டையை என்றைக்குப் பிரித்தீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கூடவே கொடுங்கள். தேதியில்லாத பால் மாதிரியை வைத்துக்கொண்டு அவர்கள் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம், முடிவை உங்களுக்கும் தருவார்களா, உங்கள் பெயர் வெளியே வருமா என்று கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல குழு என்றால் இதற்குக் கோபப்படாது.