பாக்கிப் பணம் கொடுக்கும் முன்: மாடி சோலார் கேள்வி பதில்

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். 540 வாட் பேனல் ஆறு. இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது. "எல்லாம் ரெடி சார், பாக்கி 40,000 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். நெட் மீட்டர் இபி-காரர்கள் வரும்போது வரும், அதுவரை இப்படியே ஆன் பண்ணி ஓட்டலாம்" என்கிறார் பொருத்தியவர். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆன் பண்ணவும் செய்யாதீர்கள்.

முதலில் மீட்டர் விஷயம். நெட் மீட்டர் என்பது வீட்டுக்குள் வரும் கரண்ட்டையும் வெளியே போகும் கரண்ட்டையும் தனித்தனியாகக் கணக்கெடுப்பது. இப்போது உங்கள் வீட்டில் இருப்பது ஒருவழி மீட்டர். இப்படிப்பட்ட பழைய மின்னணு மீட்டர்களில் பல, கரண்ட் வீட்டுக்குள் வருகிறதா வெளியே போகிறதா என்று பார்ப்பதில்லை. எந்தப் பக்கம் போனாலும் யூனிட் ஏறும். மத்தியானம் வீட்டில் ஒரு ஃபேனும் ஃப்ரிட்ஜும் மட்டும் ஓட, உங்கள் பேனல் இரண்டு கிலோவாட்டை லைனுக்குத் தள்ளினால் அதையும் நீங்கள் செலவழித்ததாகவே எழுதிக்கொள்ளும். 3 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். சோலார் போட்ட பிறகு பில் கூடிவிட்டது என்று வருகிற கடிதங்களில் பாதி இந்தக் கதைதான். அதற்கும் மேலே, அனுமதி வருவதற்கு முன் லைனில் மின்சாரம் ஏற்றுவது விதிமீறல். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன், உங்கள் மாடியில் சோலார் ஓடுவது தெரியாமலே ஏறுவார்.

இனி வயரிங். பேனல் பெரும்பாலும் கெடாது. தொழிற்சாலையில் சோதித்துத்தான் வருகிறது. கெடுவதெல்லாம் மாடியில் மனிதன் கை பட்ட இடங்கள்: கனெக்டர், எர்த், கேபிள் போன வழி. அதனால் பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே சொல்கிற அளவுகளை உங்கள் கண்முன் எடுத்து, தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்களே மீட்டர் எடுத்து அளக்கப் போகாதீர்கள். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் கிட்டத்தட்ட 290 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வெயில் இருக்கும்வரை அதை ஆஃப் பண்ண சுவிட்ச் கிடையாது. பிரேக்கரை இறக்கினாலும் பேனலிலிருந்து பிரேக்கர் வரைக்கும் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சுமை இல்லாமல் ஒரு பேனல் 49 வோல்ட் காட்டும் என்று பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும். ஆறுக்கும் சேர்த்து 294. அது 25 டிகிரிக் கணக்கு. வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் சுடும்போது பத்து சதவீதம் போல இறங்கி 265 பக்கம் நிற்கும், அது சரி. 215, 220 என்று காட்டினால் ஒரு பேனல் சேரவே இல்லை. 15, 16 வோல்ட் மட்டும் குறைந்தால் ஏதோ ஒரு பேனலுக்குள் இருக்கும் மூன்று டயோடில் ஒன்று போயிருக்கலாம். நிழல் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதைத் தேடச் சொல்லுங்கள். கரண்ட்டை, கேபிளைக் கவ்வி அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரால்தான் அளக்க முடியும். வீட்டு லைன் மின்சாரமான ஏசியை மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து கேபிளைச் சுற்றிக் காட்டினால், அவருக்கு வேலை தெரியாது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து மெகர், அதாவது கேபிள் உறை கரண்ட்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி. டிசி கேபிளின் உறை எங்காவது உரிந்திருக்கிறதா, தகரத்தின் கூர்முனையில் கிழிந்திருக்கிறதா என்று சொல்வது இதுதான். 500 வோல்ட்டில் சோதித்தால் 1 மெகா ஓமுக்குக் கீழே வரக்கூடாது. புதிய வேலையில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். ஒன்றோ இரண்டோ காட்டினால் பாஸ் என்று விட்டுவிடாதீர்கள். முதல் மழையில் இன்வெர்ட்டர் (பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) 'இன்சுலேஷன் ஃபால்ட்' என்று சிவப்பு விளக்கு போட்டு நிற்கும்.

எர்த்தில்தான் ஏமாற்று அதிகம். மூன்று குழி வேண்டும்: பேனலுக்கும் அதன் சட்டத்துக்கும் ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. மூன்று மூடி வைத்துவிட்டு அடியில் ஒரே கம்பி அடித்திருப்பதும் உண்டு. மூடியைத் திறந்து பாருங்கள், எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். "தண்ணி ஊத்துங்க சார், இறங்கிடும்" என்றால் கோடையில் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

கனெக்டரைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். பேனலோடு வருவது ஒரு கம்பெனி கனெக்டர். எனக்குப் பொருத்தியவர் கேபிள் முனையில் போட்டது வேறு ஏதோ மலிவுச் சரக்கு. பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான், பூட்டும்போது 'க்ளிக்' சத்தமும் வரும். இரண்டாவது மழைக்காலம் முடிந்து மாடிக்குப் போனால் ஒரு ஜோடி உருகி ஓட்டில் ஒட்டிக் கிடக்கிறது. தளர்வான இணைப்பு சூடாகும், சூடானால் பொறி கிளம்பும். ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த வாய்ப்பே இல்லை, எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும், அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தியிருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கூடாது. தரையில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் கிடக்காமல் சட்டத்தோடு கட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. டிசி பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கரில் ப்ளஸ், மைனஸ் குறி போட்டிருந்தால் வயர் அதன்படிதான் போயிருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் எல்லாம் நன்றாகத்தான் ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. ஆபத்து நேரத்தில் இறக்கும்போதுதான் உள்ளே பொறி அணையாமல் பெட்டியே எரியும்.

நெட் மீட்டர் வந்து, இந்த அளவுகளும் சரியாக இருந்தால் 40,000 கொடுங்கள். ஆனால் அதற்கு முன், அவசரத்தில் எதை முதலில் இறக்குவது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டச் சொல்லுங்கள். ஏசி பிரேக்கர் முதலில், டிசி பிரேக்கர் பிறகு.

கேள்வி: கரண்ட் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடுகிறது. நல்ல வெயில் அடிக்கும்போதும் இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பொருளில் ஏமாற்று இல்லை அம்மா, விற்கும்போது சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாக நிற்க வேண்டும் என்பதுதான் சட்டம். இல்லாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் லைனில் ஏறி, அங்கே வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து. கரண்ட் கட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு நன்றாகவே கூடும். உங்கள் ஊரில் அரை மணி, ஒரு மணி நேரம்தான் போகிறது என்றால் வீட்டில் உள்ள பழைய யுபிஎஸ்-ஸே போதும்.

கேள்வி: இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். பேனல் வாட்டும் இன்வெர்ட்டரும் இரண்டிலும் ஒரே மாதிரிதான். ஒன்று 25,000 ரூபாய் குறைவு. குறைந்ததையே எடுக்கலாம்தானே?

பதில்: பேனல் உள்நாட்டு செல்லால் (பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் துண்டு) ஆனதா என்று இரண்டு பேரிடமும் எழுத்தில் கேளுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் அந்த வகைப் பேனலுக்குத்தான். வெளிநாட்டு செல் பேனல் விலை குறைவு. 25,000 மிச்சம் பிடிக்கப் போய் 78,000-ஐ விட்டுவிடுவீர்கள். அப்புறம் டிசி கேபிள்: வெயிலைத் தாங்கும், வெள்ளீயம் பூசிய செம்புச் சோலார் கேபிளா, இல்லை வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி வயரா? பிவிசி மாடி வெயிலில் சில வருடத்தில் வெடித்துவிடும். எர்த் குழி எத்தனை, இடிதாங்கி உண்டா, திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு உண்டா என்பதையும் வரி வரியாகப் போடச் சொல்லுங்கள். "அக்சஸரீஸ்" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டிருந்தால், குறைத்திருப்பது அங்கேதான்.

ஜிஎஸ்டியையும் ஒரு பார்வை பாருங்கள். சோலார் சாமான்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. பழைய கணக்கிலேயே கொட்டேஷன் தருகிறவர்கள் உண்டு.

கேள்வி: வெயில் உச்சத்தில், 11 மணியிலிருந்து 2 மணிக்குள், இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. திரையில் 'ஏசி ஓவர் வோல்டேஜ்' என்று வருகிறது. இன்வெர்ட்டர் கோளாறு என்று மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டாம், பொறுங்கள். மின்சாரத்தை வெளியே தள்ளும்போது இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜ் லைனைவிடக் கொஞ்சம் உயரும். வயர் மெலிசாக இருந்தால் அதிகம் உயரும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர், போட்டது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்று வையுங்கள். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர் போகும், கிட்டத்தட்ட 6 வோல்ட் கூடும். தெருவில் 248 இருந்தால் உங்கள் இன்வெர்ட்டர் 254 பார்க்கிறது. 230-க்கு பத்து சதவீதம் மேலே என்றால் 253தான். அந்த அளவில் நிற்கும்படி வைத்திருந்தால் நிற்கத்தானே செய்யும்? அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் ஏறுவது இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

எலக்ட்ரீஷியனை நடுப்பகலில் கூப்பிட்டு, சோலார் ஓடும்போது மீட்டர் பக்கமும் இன்வெர்ட்டர் பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் குறை உங்கள் கேபிளில், அதைப் போட்டவர்தான் மாற்றித்தர வேண்டும். சோலாரை நிறுத்திய பிறகும் மீட்டரில் 250-க்கு மேல் இருந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர் விவகாரம். நேரம், வோல்டேஜ் இரண்டையும் நான்கைந்து நாள் குறித்து, உங்கள் பிரிவு இபி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். இன்வெர்ட்டர் செட்டிங்கில் வரம்பை ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், அந்த வோல்டேஜ் உங்கள் ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும்தான் போகும்.

கேள்வி: இபி இணைப்பு காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. மானியம் என் கணவர் கணக்குக்கு வருமா?

பதில்: இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் விண்ணப்பம், வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். முதலில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். அது முடிந்து, புதுப் பெயரில் ஒரு பில் கையில் வந்த பிறகு சோலார்காரரைக் கூப்பிட்டு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.