பள்ளியில் ஜெயிக்கும் பிள்ளைகள் ஏன் மேலே வருவதில்லை?

பள்ளிக்கூடத்தில் மாநில அளவில் பதக்கம் வாங்கும் பிள்ளைகளில் பலர் இருபது வயதுக்குள் காணாமல் போவது ஏன், ஆர்வம் குறைந்துவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஓடுகிற பிள்ளை ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ‘ஆர்வம் குறைந்துவிடுகிறதா’ என்ற வார்த்தைக்காகத்தான் பதில் எழுதுகிறேன். என்னையும் ஊரில் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் 800 மீட்டர் ஓடியவள். தேனிப் பக்கம் பள்ளிப்படிப்பு. பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் குறுவட்டம், மாவட்டம் எதிலும் எனக்கு ஈடாக ஓட ஆள் இல்லை. அதில் பாதிதான் திறமை. மீதி, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நான் வயசுக்கு வந்தது. சான்றிதழில் எல்லோருக்கும் ஒரே வயது இருக்கும், உடம்பில் இரண்டு வருட வித்தியாசம் இருக்கும். தாமதமாக வளர்கிறவர்கள் பதினாறு, பதினேழில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். சின்ன வயதில் முதலில் வருகிறவர்களும் பெரியவர்களான பிறகு உலக அளவில் ஜெயிப்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இது ஒரு காரணம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு நடந்தது வேறு. பத்தாம் வகுப்பில் என் டைமிங் நின்றுவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் இடுப்பு அகலும், எடை கூடும், பலருக்கு ஒன்றிரண்டு வருடம் நேரம் குறையவே குறையாது. விட்டுப்பிடித்தால் பிறகு குறையும். இதை அப்போது எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. “வெயிட் போட்டுட்ட, சோத்தக் குறை” என்றார் கோச். ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு மைதானத்துக்குப் போவேன். உடனே டைமிங் கொஞ்சம் குறைந்தது, அதனால் எல்லோரும் பாராட்டினார்கள். சில மாதத்தில் மாதவிடாய் நின்றுபோனது. சீனியர் அக்காக்களிடம் கேட்டால், “ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்டி, தொல்லை விட்டுச்சுன்னு நினைச்சுக்க” என்றார்கள். கோச் ஆம்பளை, அவரிடம் எப்படிச் சொல்வது?

ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லாத உடம்பு இப்படி மாதவிடாயை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், அதோடு எலும்பும் வலுவிழக்கும். சாப்பாடு பற்றாமல் வரும் இந்தப் பாதிப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் ‘ரெட்-எஸ்’ (RED-S) என்று தனியாகப் பெயர் வைத்து எச்சரித்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தப் பாதிப்பு வரும் என்றும் சொன்னது. அதற்குள் நான் ஓடுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

அந்த எலும்போடுதான் பள்ளிக்குப் பாயிண்ட் வேண்டும் என்று 400, 800, 1500 மூன்றிலும் ஓடினேன். கடைசியில் தொடர் ஓட்டம் வேறு. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஓர் இடம். அதை அழுத்தினால் உயிர் போகும். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான், “தோத்துருவோம்னு பயந்து நடிக்கிறா” என்றார்கள். டேப்பைச் சுற்றி, ஸ்பிரே அடித்து ஓடவிட்டார்கள். எலும்பில் மயிரிழை மாதிரி விழும் இந்த நுண்முறிவு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும் என்று பிற்பாடு மதுரையில் ஓர் எலும்பு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அப்பா அவர் முன்னால் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான், “புள்ள பொய் சொல்லலம்மா” என்று அம்மாவுக்குப் போன் பண்ணினார். விளையாட்டு விடுதி செலக்‌ஷன் அதற்குள் முடிந்துவிட்டது. மறுவருடம் எனக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை ஓடினாள். ஊரில் என்னைப் பற்றி, ‘ஆர்வம் போயிருச்சு’.

உடனே சிலர் வருவார்கள்: மதுரை சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலோடு ஓடி டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போகவில்லையா, மனசு இருந்தால் முடியும் என்று. ரேவதி மேல் எனக்கு இருக்கும் மரியாதை சொல்லி முடியாது. ஆனால் அவர் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டார். பொறுமையாக வளர்க்கத் தெரிந்த ஒருவர் கையில் அந்த உடம்பு கிடைத்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாக் கோச்சும் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் கோச் தன் சம்பளத்தில் எங்களுக்கு ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஓட்டக் காலணி) வாங்கித் தந்தவர். அவருக்கும் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காலையில் மைதானத்தில் நடக்க வரும் பெரியவர்களே, முதல் லேனை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் 200, 400 என்று நேரம் வைத்து ஓடுவது அதில்தான். நான்கு பேர் வரிசையாக, போனில் பாட்டு வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். “சார், டிராக்” என்று பிள்ளை கத்தினால், மரியாதை தெரியவில்லை என்று கோபம் வேறு. வெளி லேன்கள் காலியாகத்தானே கிடக்கின்றன. போன மாதம் என் மாணவி ஒருத்தி இப்படி ஒருவர் மேல் மோதாமல் விலகப்போய்க் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள்.

இப்போது நானும் உடற்கல்வி ஆசிரியைதான். வருகைப் பதிவோடு பிள்ளைகளின் மாதவிடாய்த் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். இது உனக்கு எதற்கு என்று கேட்ட தலைமை ஆசிரியர் உண்டு. பெற்றோரிடம் பேசி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் குறிக்கிறேன், நோட்டும் என்னிடம்தான் இருக்கும். யாருக்காவது மூன்று மாதம் தள்ளிப்போனால் ஓட்டத்தைக் குறைத்து, அம்மாவை வரச்சொல்லி டாக்டரிடம் அனுப்புகிறேன். பாயிண்ட் போனால் போகட்டும்.

உங்கள் வீட்டில் ஓடுவது பெண் பிள்ளை என்றால், டைமிங் நின்றதும் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள், முதலாவது சரியாக இருந்தாலும் இரண்டாவது குறைந்திருக்கலாம். வலி ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படி இருந்து, ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று அனுப்பினாலும் விடாதீர்கள், எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அதுவரைக்கும் எந்தப் போட்டியாக இருந்தாலும் ஓடவிட வேண்டாம்.