எக்செல்லை மட்டும் வைத்துப் பெரிய மென்பொருள் ஒன்றைக் கட்ட முடியுமா?

தாராளமாக முடியும். புரோகிராமர்கள் எக்செல்லை மட்டமாகப் பேசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒரு செல்லில் ஃபார்முலா எழுதினால், அது எந்தெந்த செல்களைச் சார்ந்திருக்கிறது என்பதை எக்செல் தானே குறித்து வைத்துக்கொண்டு, ஒன்று மாறும்போது அதைச் சார்ந்தவற்றை மட்டும் சரியான வரிசையில் திரும்பக் கணக்கிடுகிறது. இந்த ஒரு வேலையை வேறொரு மொழியில் நீங்களே எழுதிப் பாருங்கள், கஷ்டம் புரியும். லாம்டா (LAMBDA) என்ற ஃபங்ஷன் வந்த பிறகு சொந்த ஃபங்ஷன்களையும் மேக்ரோ, அதாவது தனியாக எழுதும் நிரல், இல்லாமலே எழுதலாம், அவை தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளக்கூட முடியும்.

சிக்கல் தரவில்தான் வரும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைப் எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் சேர்த்து வந்தது. அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான். அது நிரம்பியதும் மிச்சம் சத்தமில்லாமல் விடுபட, 15,841 தொற்றுகள் கணக்கில் வராமல் போய், அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தள்ளிப்போனது. இப்போதைய வரம்பு 10,48,576, ஆனால் வரம்பு வரம்புதான்.

அதைவிட நான் அதிகம் பயப்படுவது, பிழை என்று காட்டாமலே தப்பான விடை தரும் ஃபார்முலாக்களைப் பார்த்துத்தான். பட்டியலில் ஒன்றைத் தேடி, அதே வரிசையில் நீங்கள் எண் சொல்லும் நெடுவரிசையிலிருந்து மதிப்பை எடுத்துத் தருவது விலுக்கப் (VLOOKUP). அதில் மூன்றாவது நெடுவரிசையில் விலை இருக்கிறது என்று 3 போட்டிருப்பீர்கள். யாரோ நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகுவார்கள், விலை நான்காவதுக்கு நகரும், ஃபார்முலாவில் 3 அப்படியே நிற்கும். அங்கே இப்போது கையிருப்பு எண்ணிக்கை இருந்தால் அதையே விலையாக எடுத்துப் பெருக்கிவிடும், திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. அதற்குப் பதில், நெடுவரிசையை எண்ணால் இல்லாமல் நேரடியாகவே சுட்டும் எக்ஸ்லுக்கப் அல்லது இன்டெக்ஸ்–மேட்ச் போடுங்கள், தரவை டேபிளாக மாற்றிப் பெயர் வையுங்கள். உள்ளீடு, கணக்கு, அறிக்கை மூன்றும் தனித்தனி ஷீட்டில் இருக்கட்டும். இரண்டு வழியில் கூட்டிய மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் செல்கள் சிலவும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம், ஷீட்டுக்குப் போடும் கடவுச்சொல்லைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாமல் கை பட்டு மாறுவதைத் தடுக்கத்தான் அது.

பல பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும், யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் தரவை டேட்டாபேஸுக்கு மாற்றிவிடுங்கள், எக்செல் அதிலிருந்து எடுத்துக் கணக்குப் போடட்டும். கணக்கையும் வெளியே எழுதப் போகிறீர்கள் என்றால் பழைய ஷீட்டை அழிக்காதீர்கள். ஒரே உள்ளீட்டை இரண்டிலும் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சோதனை கிடைக்காது.