போக்கிமான் போட்டிகளில் ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா?

கேள்வி: போக்கிமான் வீடியோ கேம் போட்டிகளில் யாராவது நேரில் போய் ஆடியிருக்கிறீர்களா? அதில் பாதிக்கு மேல் அதிர்ஷ்டம்தான் என்கிறார்களே, உண்மையா?

ஆடியிருக்கிறேன். வயது 36, லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன், பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. இதுவரை கடைகளில் நடக்கும் சின்னப் போட்டிகள் பத்துப் பன்னிரண்டும் ஒரே ஒரு பெரிய போட்டியும் ஆடியிருக்கிறேன். கோப்பை எதுவும் வாங்கியதில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியை இரண்டு வருடமாக மண்டைக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், கார்ட்டூனில் பார்த்த சண்டையும் இதுவும் வேறு. இந்தப் போட்டிகளை விஜிசி (வீடியோ கேம் சாம்பியன்ஷிப்ஸ்) என்பார்கள், 2009இல் தொடங்கியவை. ஆறு போக்கிமான் கொண்டுபோவோம், எதிராளியின் ஆறையும் திரையில் பார்த்த பிறகு 90 விநாடிக்குள் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டுக்கு இரண்டு நின்று மோதும். எல்லாவற்றின் லெவலும் 50 ஆகிவிடும் என்பதால் அதிக நாள் விளையாடியவனுக்குத் தனிச் சலுகை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க 45 விநாடி, இரண்டு பேரும் கட்டளை கொடுத்த பிறகுதான் எதுவும் நடக்கும். அதாவது சதுரங்கம் மாதிரி எதிராளி நகர்த்தியதைப் பார்த்துவிட்டு நகர்த்த முடியாது. அவர் என்ன செய்வார் என்று ஊகித்து, அதற்கு ஏற்ப நாம் செய்ய வேண்டும். இதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

என் அணி மெதுவான அணி. டிரிக் ரூம் என்று ஒரு வித்தை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் போட்ட சுற்றையும் சேர்த்து ஐந்து சுற்றுக்கு வேகம் தலைகீழாகிவிடும், மெதுவானதுதான் முதலில் அடிக்கும். அதைப் போடுவது ஃபாரிஜிராஃப் என்ற ஒட்டகச்சிவிங்கி, அடிப்பது டோர்கோல் என்ற ஆமை. டோர்கோல் களத்துக்கு வந்தாலே வெயில் அடிக்கும், வெயிலில் அதன் எரப்ஷன் என்ற நெருப்பு அடி எதிரில் நிற்கும் இரண்டையும் சேர்த்துப் பொசுக்கும். ஆனால் அந்த அடியின் பலம் டோர்கோலின் உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான். ஒரு அடி வாங்கிவிட்டால் பலமும் குறைந்துவிடும்.

இந்த ஆமையைத் தயார் செய்ததைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒவ்வொரு திறனிலும் 0 முதல் 31 வரை பிறவியிலேயே ஒரு எண் இருக்கும். எல்லாரும் 31 தேடுவார்கள், எனக்கு வேகத்தில் 0 தேவைப்பட்டது. வேகத்தைக் குறைக்கும் குணத்தோடு பிறவி எண் 31 இருந்தால் டோர்கோலின் வேகம் 36, பிறவி எண் 0 என்றால் 22. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அமூங்கஸ் என்று ஒரு காளான் இருக்கிறது, அதன் ஸ்போர் பட்டால் தூக்கம்தான், அதன் மிகக் குறைந்த வேகம் 31. டிரிக் ரூமில் 36 உள்ள ஆமையை அது முந்திவிடும், 22 உள்ள ஆமையை முந்த முடியாது. அந்தப் பதினான்கு புள்ளிக்காக இரண்டு சனிக்கிழமை மாலை முழுக்க, விளையாட்டுக்குள் பிக்னிக் விரித்து, கூடையில் முட்டை விழுகிறதா என்று பார்த்து, பொரித்து, எண்ணைப் பார்த்து, விட்டுவிட்டு, மறுபடி முட்டை. கடைசியில் 0 வந்தபோது சத்தம் போட்டே கத்திவிட்டேன். பெயரும் வைத்தேன், ஆங்கில எழுத்தில் ஆமை என்று.

2024 பிப்ரவரியில் விளையாட்டுச் சீட்டுகள் விற்கும் ஒரு கடையின் மாடியில் சின்னப் போட்டி, பதினெட்டுப் பேர். பெரிய போட்டிகளில் வயதுப்படி பிரித்துவிடுவார்கள், அன்று ஆள் குறைவு என்பதால் எல்லாரும் ஒன்றாகத்தான். இரண்டாவது ஆட்டத்தில் எனக்கு எதிரே பதினொரு வயதுச் சிறுமி. பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, பென்சில். அன்றைய ஆட்டங்கள் ஒற்றை ஆட்டம், எதிராளியின் போக்கிமான் கையில் என்ன பொருள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

அவள் இன்சினரோரையும் அமூங்கஸையும் இறக்கினாள். முதல் சுற்றிலேயே என் ஒட்டகச்சிவிங்கி மேல் ஸ்போர் போட்டாள். அதற்கு நான் பொடியைத் தடுக்கும் கண்ணாடியை மாட்டி வைத்திருந்தேன், ஸ்போர் பலிக்கவில்லை, டிரிக் ரூம் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அவள் முகம் மாறவே இல்லை, குனிந்து நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதினாள்.

அடுத்த சுற்றில் எரப்ஷன் அடித்தேன். காளான் காலி என்று நினைத்தேன். அவள் டெரா (ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை ஒரு போக்கிமானின் வகையை மாற்றும் வசதி) பயன்படுத்தி அமூங்கஸை நெருப்பு அவ்வளவாகச் சுடாத நீர் வகையாக மாற்றிவிட்டாள். பாதி உயிர் கூடப் போகவில்லை. திரும்பி ஸ்போர், என் ஆமை தூங்கிவிட்டது. இரண்டு சுற்றுத் தூக்கம், அதற்குள் அவள் அடியைத் தடுக்கும் புரொடெக்டைப் போட்டுப் போட்டு நேரத்தைக் கடத்தினாள், டிரிக் ரூம் தீர்ந்தது, அப்புறம் அவளுடைய வேகமான ஆட்கள் வந்து முடித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து கை குலுக்கியபோது, எப்படி அவ்வளவு தைரியமாக ஆமையைக் குறிவைத்தாய் என்று கேட்டேன். "கண்ணாடி ஒட்டகச்சிவிங்கிகிட்ட இருக்கு. ஒரு அணியில ஒரே பொருள் ரெண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது. அப்போ ஆமைகிட்ட இருக்காது" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடி என்ற சொல் மட்டும், சுற்றி ஒரு வட்டம். அதற்கப்புறம்தான் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள், சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டாள்.

என் டோர்கோலின் டெரா புல் வகை. புல் வகைக்கு ஸ்போர் ஏறாது. அந்தச் சுற்றில் நான் டெராவைப் பயன்படுத்தியிருந்தால் அவள் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பின்னால் தேவைப்படும் என்று மிச்சம் பிடித்தேன். இந்தத் தோல்வியில் அதிர்ஷ்டத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

சரி, அதிர்ஷ்டம் வேலை செய்த ஆட்டத்தையும் சொல்கிறேன். அதே ஆண்டு ஏப்ரலில் எக்ஸெல் அரங்கில் ஐரோப்பிய இன்டர்நேஷனல் போட்டி, வீட்டிலிருந்து பக்கம்தான். அங்கே ஒவ்வொரு மோதலும் மூன்று ஆட்டம், இரண்டு ஜெயிக்க வேண்டும், தவிர எதிராளியின் அணித் தாள் நம் கைக்கு வந்துவிடும், பொருள், வித்தை, டெரா வகை எல்லாம் அதில் இருக்கும். மூன்று மோதல் தோற்றால் இரண்டாம் நாள் கிடையாது. ஏழாவது மோதலுக்கு வரும்போது எனக்கு நான்கு வெற்றி, இரண்டு தோல்வி. எதிரே ஜெர்மனிக்காரர் ஒருவர். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தாயிற்று.

மூன்றாவது ஆட்டம், முதல் சுற்று. ஒட்டகச்சிவிங்கி டிரிக் ரூம் போடப் போகிறது. அவருடைய சியென்-பாவ் அதன் மேல் ஐசிகிள் கிராஷ் அடித்தது. பட்டால் 30 சதவீதம் எதிரி திடுக்கிட்டு அந்தச் சுற்றில் ஒன்றும் செய்ய முடியாமல் போகும். பட்டது, திடுக்கிட்டது. டிரிக் ரூம் இல்லாமல் என் அணி நடுரோட்டில் நிற்கும் மாட்டுவண்டி மாதிரி, மூன்று சுற்றில் முடிந்துவிட்டது. அவரே எழுந்து மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர். அன்று இரவு ஊரிலிருக்கும் நண்பனுக்கு ஃபோன் போட்டு அதிர்ஷ்டமே இல்லைடா என்று புலம்பினேன்.

ஒரு வாரம் கழித்து அணித் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐசிகிள் கிராஷ் அந்தத் தாளிலேயே இருந்தது. பத்துக்கு ஒன்பது முறை படும், பட்டால் 30 சதவீதம், ஆகமொத்தம் 27 சதவீதம். என் அணியில் இண்டீடி என்று ஒன்று இருந்தது, அதன் ஃபாலோ மீ எதிராளியின் ஒற்றை அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒட்டகச்சிவிங்கியோடு இண்டீடியைத்தான் இறக்கினேன். மூன்றாவதில், இதை அவர் எதிர்பார்ப்பார் என்று நானாக நினைத்து, ஆமையை முன்னால் விட்டேன். ஒரு சுற்று சீக்கிரம் அடிக்கலாம் என்ற ஆசை. அந்த ஆசைக்கு விலை 27 சதவீதம், அதைக் கணக்குப் போடாமலே கொடுத்திருக்கிறேன். கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது.

சின்ன வயதில் பாட்டியோடு தாயம் ஆடுவேன். கட்டை யாருக்கு எப்படி விழும் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் பாட்டிதான் முக்கால்வாசி ஜெயிக்கும். காயை மலையில் உட்கார வைத்துவிட்டு, எனக்கு எந்த எண் விழுந்தால் வெட்டு என்று பார்த்து, அந்த எண்ணிக்கைக்குள் காய் நிற்காமல் நகர்த்தும். எனக்கு விழ வேண்டியது விழாமல் போனதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். போக்கிமானும் அப்படித்தான் என்பது என் கருத்து. ஒரே அடியின் சேதம்கூட 85 முதல் 100 சதவீதத்துக்குள் பதினாறு அளவில் எதுவாகவும் விழலாம், 24க்கு ஒரு முறை கிரிட்டிக்கல், அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி, விழும். இதையெல்லாம் நம்மால் நிறுத்த முடியாது, ஆனால் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை கட்டையை உருட்ட விடுகிறோம் என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது.

ஃபாலோ மீயின் அருமையை நான் முதலில் பார்த்தது 2014 உலகப் போட்டியின் வீடியோவில். வாஷிங்டனில் நடந்தது, தென் கொரியாவின் சேஜுன் பார்க் ஜெயித்தார். அவர் அணியில் பாச்சிரிசு என்ற குட்டி அணில், அதற்கு முன்னால் யாரும் பெரிதாக மதிக்காத ஒன்று. அது எதிராளியின் சாலமென்ஸ் அடித்த டிராகோ மீட்டியர் என்ற பலத்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு, விழாமல் நின்றது. அரங்கமே எழுந்து கத்தும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அவர் அதை அழகுக்காகக் கொண்டுவரவில்லை, அந்த அடியைத் தாங்கும்படி கணக்குப் போட்டு வளர்த்திருந்தார்.

இன்னொன்று, 2023 யோகோஹாமா உலகப் போட்டியில் மென்பொருளால் உருவாக்கிய போக்கிமான் வைத்திருந்த சிலரை வெளியேற்றினார்கள். விதி சரிதான் என்பேன். ஆனால் வேலைக்குப் போகிறவனுக்கு ஆறு போக்கிமானை முறையாக வளர்ப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் அவர்களைத் திட்ட மனம் வரவில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் சுவிட்ச் என்ற கேம் கருவியை வாங்க வேண்டாம். போக்கிமான் ஷோடவுன் என்ற இலவசத் தளத்தில் பிரவுசரிலேயே ஆடலாம், முட்டை பொரிக்க வேண்டியதில்லை, நினைத்த அணியை ஐந்து நிமிடத்தில் கட்டலாம். நூறு ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள், எந்தச் சுற்றில், எதைக் கவனிக்காமல் என்று மட்டும். என் நோட்டில் இப்போது நாற்பது பக்கம் ஆகிவிட்டது, முதல் பக்கத்தில் கண்ணாடி என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன்.

அந்தச் சிறுமியோடு ஜூனில் அதே மாடியில் மறுபடி ஆடினேன். ஸ்போர் வரும் சுற்றில் ஆமையைப் புல் வகையாக மாற்றினேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த ஆட்டம் எனக்கு.