என் பாட்டி பிறந்த தேதியைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதி வைப்பது எப்படி?

ஆதாரில் 01.01.1940 என்று இருக்கும், அதனால்தானே கேட்கிறீர்கள்? வயதை வாயால் சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் போடுகிற தேதி அது. பள்ளிச் சான்றிதழ் கிடைத்தாலும் துள்ள வேண்டாம். கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டதும், ஐந்து வயது நிரம்புகிற மாதிரி வாத்தியார் ஒரு தேதி போட்டுவிடுவார்.

பாட்டியிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. எந்த வீட்டில் பிறந்தீர்கள், உங்களுக்கு மூத்தது யார், அப்போது ஊரில் என்ன நடந்ததாக உங்கம்மா சொல்வார்கள் என்று கேளுங்கள். "மீனாட்சி கோயிலை எல்லாருக்கும் திறந்துவிட்ட வருஷம், தைத் தெப்பத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி" என்றால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆலயப் பிரவேசம் 1939 ஜூலை 8, பிரமாதி வருஷம். பலர் சறுக்குவது இங்கேதான்: சித்திரையில் பிறக்கிற பிரமாதிக்குத் தை மாதம் 1940 ஜனவரியில்தான் வரும். தெப்பம் தைப்பூசத்தை ஒட்டி வரும்; அந்த வருஷம் அது 24, 25 வாக்கில். முந்தின வெள்ளி ஜனவரி 19. ராத்திரி எத்தனை மணி என்பதையும் விடாதீர்கள். நமக்கு விடிந்தால்தான் மறுநாள். கோழி கூப்பிடுகிற நேரம் என்றால் இங்கிலீஷ் தேதி 20.

பழைய ஜாதக நோட்டு இருந்தால் உதயாதி நாழிகையைப் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். 55 நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து 22 மணி நேரம், அதாவது விடியற்காலை நாலரை வாக்கில். ஜாதகம் மூடநம்பிக்கை என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: பலனைப் படிக்கச் சொல்லவில்லை, தேதியை மட்டும் எடுக்கச் சொல்கிறேன்.

அடுத்து பிறப்புப் பதிவேடு. தலைப்பிள்ளை என்றால் அப்பா ஊரில் தேடிப் பிரயோஜனமில்லை. பிரசவம் அம்மாவின் பிறந்த வீட்டில்தான் நடந்திருக்கும், அந்த ஊர்ப் பதிவேட்டைக் கேளுங்கள். பாட்டி பெயரும் அதில் இருக்காது, "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பனார் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கர்ணம், முன்சீப் என்ற பழைய கிராம அதிகாரிப் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோது கைமாறிய பதிவேட்டுக் கட்டுகளில் எத்தனை கரையானுக்குப் போனதோ! கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு இதைவிட நம்பகம்.

எழுதும்போது ஊரை அன்றைய ஜில்லாவோடு எழுதுங்கள். திண்டுக்கல் 1985 வரை மதுரை ஜில்லாதான். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே யார் சொன்னது, என்றைக்குக் கேட்டது என்று குறியுங்கள். இரண்டு தேதி வந்தால் இரண்டும் இருக்கட்டும், ஒன்றை அடிக்காதீர்கள். மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குக் குறைவே இல்லை. ஆனால் "தோற்றம்" என்ற இடத்தில் அந்த ஆதார் தேதியையே அச்சடிக்கிறார்கள். ஃபிளக்ஸுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பழைய பஞ்சாங்கம் வாங்கலாம்.

பிறப்புச் சான்றிதழே வேண்டுமென்றால் பாதை வேறு: பதிவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுப் போட வேண்டும்.